முசலமும் பிஸ்ரனும்: கொழும்பின் இயந்திரத் தொழிலும் தமிழ்க் கலைச்சொல்லும்

கலைச்சொல்லாக்கம் குறித்து நம்மிடையே நிகழ்ந்துவந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் சொல்லின் தூய்மை பற்றியனவாகவே அமைந்துள்ளன. வடமொழியா தமிழா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வினாக்களுக்கு அப்பால், சொல் சுட்டும் பொருளை நாள்தோறும் கையாள்பவர் யாவர், அவர் வாயில் அது எப்பெயர் பெற்றுள்ளது என்பன அதிகம் வினவப்படவில்லை. எனவே இங்கு ஒரேயொரு பொறியுறுப்பை எடுத்துக்கொள்கிறோம். உருளையினுள் முன்னும் பின்னும் இயங்கி, நீராவியின் விசையைச் சில்லுக்குக் கொடுப்பதும், எதிர்த்திசையிற் சில்லின் விசையாற் காற்றை நெரிப்பதுமான அவ்வுறுப்பு தொழிற்கூடத்திற் பிஸ்ரன் எனப்படுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முசலம் என்றும் ஆடுதண்டு என்றும் வழங்குகிறது.

நீராவிப்பொறி கைத்தொழிற் புரட்சியைத் தோற்றுவித்தது என்பது பொதுவான எண்ணம். மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் இதனை மறுத்துரைத்தார். நூற்கும் பொறி முதலான செய்பொறிகள் தோன்றியமையே நீராவிப்பொறியின் மாற்றத்தை இன்றியமையாததாக்கிற்று என்பது அவரது முடிபு. நியூக்கொமனின் பொறி 1712 முதலே சுரங்கங்களில் நீரிறைத்து வந்தது. வாட் தமது காப்புரிமையை 1769இற் பெற்றும் பல்லாண்டுகள் இடர்ப்பட்டார். கருத்துத் தெளிவாகவே இருந்தது. உருளைதான் வட்டமாக இருக்கவில்லை. பிஸ்ரனுக்கும் உருளைச் சுவருக்குமிடையே நீராவி கசிந்தது. சணலும் கொழுப்பும் கொண்டு அடைத்தும் பயனில்லை. பீரங்கி துளைத்துப் பழகிய இரும்பு வேலைக்காரராகிய வில்கின்சன் 1775 அளவில் உருளையைச் சீராகக் குடையும் பொறியை அமைத்த பின்னரே வாட்டின் பொறி தொழிற்படலாயிற்று. பொருத்தமே பிஸ்ரனின் உயிர்நிலை என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். இதற்கு மீண்டும் வருவோம்.

இலங்கையில் இவ்வரலாறு தலைகீழாக நிகழ்ந்தது. செய்பொறிகள் பெருகி இயக்குபொறியை வேண்டிநின்ற நிலைமை இங்கு இருந்ததில்லை. ஏற்றுமதித் தோட்டப் பொருளாதாரம் ஆயத்தமான பொறியைக் கப்பலில் இறக்கிற்று. 1854இல் தொடங்கிய வோக்கர் நிறுவனம் முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வேண்டிய பொறிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் வளர்ந்தது. 1865இற் கொழும்பிலிருந்து அம்பேபுசவுக்குப் புகைவண்டி ஓடிற்று. 1875இல் தொடங்கிய துறைமுக அலைத்தடுப்புச் சுவர் 1885இல் முடிவுற்றபின் நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றும் பெருந்துறையாகிற்று கொழும்பு. கரி சுமந்தவர்களுட் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்தோர். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை, தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதியாக உருப்பெற்றது. தெற்கே வெள்ளவத்தையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் எழுந்த நூற்பு நெசவு ஆலை, தீவில் அரிதாகக் காணப்பட்ட உண்மையான ஆலைத்தொழில் நிலையமாகும்.

அவ்வாலையில் மலையாளிகள், தமிழர், சிங்களவர் ஒருங்கே வேலை செய்தனர். 1933இற் கூலிக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலான வாலிபர் சங்கத்தினர் தலைமை தாங்கினர். 1920களின் தொழிலாளர் தலைவரான ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான, சிறப்பாக மலையாளிகளுக்கு எதிரான, உணர்வு தொழிற்சங்க மேடையிலேயே ஊட்டப்பட்ட காலம் அது. இவ்வேலைநிறுத்தத்தின் அரசியல் விளைவுகள் நன்கு ஆராயப்பட்டுள்ளன; 1935இற் சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு இஃதொரு படி என்பதும் யாவரும் அறிந்ததே. நாம் கருதுவது வேறொன்று. வீட்டில் மூன்று மொழி பேசியோர் பொறியின் முன் ஒரே சொற்களைப் பேசினர். பிஸ்ரன், சிலிண்டர், வால்வு, பெல்ற் என்பன எந்த இனத்துக்கும் உரியன அல்ல. வெள்ளை மேலாளரின் ஆணையோடு வந்த ஆங்கிலச் சொற்களே எனினும், தொழிலாளர் தம் நாவிற்கேற்ப அவற்றைத் திருத்திப் பொதுச்சொத்தாக்கிக் கொண்டனர்.

பாடநூற் சொல்லோ வேறு வழியாக வந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவச் சொற்களைத் தமிழாக்கினார்; சென்னையில் விபுலானந்த அடிகளின் தலைமையிற் கூடிய அறிஞரின் முயற்சி 1938இற் ‘கலைச்சொற்கள்’ எனும் தொகுதியாயிற்று. 1950களில் இடைநிலைக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது இலங்கை அரசும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சிங்களப் பாடநூல் ‘பிஸ்டனய’ என ஆங்கிலச் சொல்லுக்குச் சிங்கள ஈறு சேர்த்து அமைந்தது. தமிழ்ப் பாடநூல் முசலத்தைத் தேர்ந்தது. தொழிற்கூடத்திற் பொதுவாயிருந்த சொல் வகுப்பறையில் இரண்டாயிற்று.

முசலம் என்பது வடமொழியில் உலக்கை. மேலுங் கீழும் இயங்கும் வடிவொப்புமை கருதியே அது கொள்ளப்பட்டிருத்தல் வேண்டும். ஆயின் உலக்கை உரலோடு இறுகப் பொருந்துவதில்லை. பொருந்தினால் நெல் குற்ற முடியாது. பிஸ்ரனுக்கோ பொருத்தமே உயிர்நிலை என்றோம். 1850களில் ராம்ஸ்பொட்டம் அமைத்த பிளவுபட்ட உலோக வளையம் அப்பொருத்தத்தை நிலைபெறச் செய்தது. ‘றிங் போய்விட்டது’ எனத் தொழிலாளி கூறுவது அதனையே. ஆடுதண்டு என்பதும் பிழைபட்டதே. தண்டு வேறு, அதன் தலையில் உள்ள இவ்வுறுப்பு வேறு. பொறியைக் கண்ணாற் கண்டு தொட்டறிந்தவர் இவ்விரு சொற்களையும் ஆக்கியிருப்பரோ என ஐயுறுகிறோம்.

இதனாற் கலைச்சொல் வேண்டா என்பதல்ல நம் கருத்து. கொழும்பில் 1950இல் தொடங்கிப் பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்த பொறியியற் பீடம் ஆங்கிலத்திலேயே கற்பித்து வந்துள்ளது. ஆகவே முசலம் பள்ளிக்கு மேலே ஏறவில்லை. தொழிற்கூடத்துக்குக் கீழே இறங்கவுமில்லை. பொறியை வடிவமைப்பவனுக்கும் பழுதுபார்ப்பவனுக்கும் இடையே அது தேர்வுத்தாளில் மட்டும் வாழ்கிறது.

கொட்டாஞ்சேனையில் ரயர்களுக்குக் காற்றடிக்கும் கடையொன்றில் இதனை நேரிற் கண்டோம். அங்கிருந்த காற்றமுக்கிக்குப் பெரிதும் சிறிதுமாக இரு உருளைகள். இடையே செட்டைகள் கொண்ட குழாய். முப்பது பாகை வெப்பநிலையிலுள்ள காற்றை, வெப்பம் வெளியேறாதவாறு ஒரேயடியாக ஏழு மடங்கு அமுக்கத்துக்கு நெரித்தால், அது 250 பாகைக்கு மேற் சூடேறும் என்பது கணக்கு. இரு கட்டங்களில் நெரித்து இடையே குளிர்விப்பது அதனாலேயே. இரண்டாம் உருளை ஏன் சிறிது என வினவினோம். “முதல் சிலிண்டர் நெரிச்சதத்தான் சேர் இது நெரிக்குது. சுருங்கின காத்துக்கு எதுக்குப் பெரிய வீடு?” என்றார் அத்தொழிலாளி. அருகில் நின்ற சிங்களத் தோழர் குழாயைக் காட்டி, தொட்டுவிடாதீர்கள் எனச் சைகை செய்தார்.

அவருடைய மகளின் பௌதிகப் புத்தகம் மேசையில் இருந்தது. முசலம் என்னும் சொல்லைக் காட்டினோம். எழுத்துக் கூட்டி வாசித்தவர், இது எந்தச் சாமானென்று கேட்டார். படத்தைக் காட்டியதும் சிரித்து, “இதா? பிஸ்ரன்” என்றுவிட்டு, வாயிலில் வந்து நின்ற முச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கப் போனார்.