கடிதம் யாருக்கு வந்தது? ரீகால் என்கிற வழக்கத்தின் சின்ன வரலாறு

புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்டு இருக்கிற ரோட்டுக்கு மறைமலை அடிகள் சாலை என்று பேர். அங்கே திண்டிவனம் வழியாகப் போகிற சென்னை பஸ்ஸில் ஏறி நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் மறைமலை நகர் வரும். ரெண்டுமே 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய அதே அடிகளின் பேர்தான். இன்றைய பதிவு அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவில் ஓடுகிற ஒரு கதை. இதில் ரீகால், ஏர்பேக், சேசிஸ் என்று ஏகப்பட்ட ஆங்கிலச் சொல் வரும். அடிகள் மன்னிக்கணும்.

முதலில் இதை ஏன் தேட ஆரம்பிச்சேன் என்று சொல்லிடறேன். முத்தியால்பேட்டையில் இருக்கிற எங்க மாமா ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் சின்ன எஸ்யூவி வாங்கினார். கம்பெனி பேர் இங்கே வேண்டாம். போன மாசம் டேஷ்போர்டு பெட்டியைச் சுத்தம் பண்ணும்போது, இன்ஷூரன்ஸ் தாள்களுக்கு அடியில் ஒட்டுப் பிரிக்காத கவர் ஒன்று கிடைத்தது. மேலே முதல் ஓனர் பேர், லாஸ்பேட்டை விலாசம். பிரித்துப் பார்த்தால், இன்ன பாகத்தில் குறை இருக்கலாம், வண்டியைக் கொண்டு வாங்க, இலவசமா மாத்தித் தர்றோம் என்று எழுதியிருந்தது. அந்தக் கவர் அந்த வண்டியிலேயே வருஷக்கணக்கா ஊர் சுத்தியிருக்கு!

"லெட்டர் அவருக்கு வந்திருக்கு, வண்டி நம்மகிட்ட இல்ல இருக்கு" என்றார் மாமா. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தேடல்.

மறைமலை நகரில் செய்த வண்டி

நம்ம பக்கத்து உதாரணம் என்றால் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்தான். 2012 ஜனவரியில் டெல்லியில் காட்டினார்கள். 2013 ஜூனில் விற்பனை, ஆரம்ப விலை டெல்லி ஷோரூமில் 5.59 லட்சம். செய்தது மறைமலை நகர் ஆலையில். நீளம் நாலு மீட்டருக்குள் அடங்கும். இது தற்செயல் இல்லை. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குக் குறைவான, சின்ன எஞ்சின் வைத்த கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். அந்த வரிக் கோடு போட்ட அளவுக்குள் ஒரு ஜீப் தோரணையை அடைத்ததுதான் நாம் இன்று 'காம்பாக்ட் எஸ்யூவி' என்று சொல்கிற இனம்.

இந்த வண்டிக்கு வந்த ரீகால்களில் சிலதை வரிசையாகப் பார்க்கலாம். 2015 நவம்பரில் 16,444 வண்டிகள்: பின்பக்க ட்விஸ்ட் பீம் போல்ட்டைப் பார்க்க. 2016 மே மாதம் 48,700 வண்டிகள்: பெரும்பாலும் டீசல் வண்டிகளில் எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்புக்காக, ஒரு எழுநூறு பின்சீட்டு மடிப்புக்காக. 2018 ஜூலையில் 5,397 வண்டிகள்: சிலதில் முன்சக்கரத்தைத் தாங்குகிற கன்ட்ரோல் ஆர்ம் வெல்டிங், சிலதில் முன்சீட்டு சாயும் பூட்டு.

படிக்கும்போது "அய்யோ, இவ்வளவு குறையா?" என்றுதான் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனால் கொஞ்சம் நிதானமா யோசிச்சா இதில் வேறொன்று தெரியும். அந்த வருஷங்களில் இந்தியாவில் ஒரு கம்பெனியை "வண்டியைத் திரும்பக் கூப்பிடு" என்று சொல்ல, அதற்கென்று ஒரு சட்டம் கிடையாது. 2012 ஜூலையில் சியாம் என்கிற வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து ஒரு நடைமுறை வகுத்தது. அவ்வளவுதான். அடுத்த வருஷமே, 2013-இல், ஃபோர்டு 1,66,021 ஃபிகோ, கிளாசிக் கார்களைக் கூப்பிட்டது. ஷெவர்லே டவேரா 1.14 லட்சம் வண்டி திரும்ப வந்ததும் அதே வருஷம்தான். அதன் பின்னால் புகை சோதனையில் நடந்த தில்லுமுல்லு இருந்தது. ஆக, ரீகால் பட்டியல் நீளமா இருக்கிற கம்பெனி மோசமான கம்பெனி என்று அவசரப்பட்டு முடிவு கட்ட முடியாது. வாயைத் திறந்து சொன்ன கம்பெனியாகவும் இருக்கலாம். சொல்லாதவன் கணக்கு எந்தப் பட்டியலிலும் வராதே!

அதே ஆலை, வேறு நாடு

இங்கேதான் கதை சுவாரசியமாகுது. 2018 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட்களும் மறைமலை நகரில் செய்ததுதான். நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்திலிருந்து கப்பலேறிப் போனவை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-இல் மறைமலை நகரில் உற்பத்தி நின்றது. ஆலை மூடின பிறகு, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு ரீகால் வந்தது: 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், 2018 முதல் 2022 வரையிலான ஈக்கோஸ்போர்ட், ஒரு லிட்டர் எஞ்சின் வைத்தவை, மொத்தம் 1,39,730. ஆயில் பம்ப்பை ஓட்டுகிற பெல்ட் பல் தேய்ந்து போகலாம், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் கழன்று வரலாம். ஆயில் அழுத்தம் போனால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். ஓடுகிற வண்டியில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி செய்கிற விசையும் போகும். மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருக்கும்.

ஆலை மூடினாலும் பொறுப்பு மூடவில்லை. காரணம், அங்கே சட்டம் பழசு. ரால்ஃப் நேடர் 1965-இல் கார் கம்பெனிகளை விமர்சித்து எழுதிய புத்தகம் கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகு 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் அடியில்தான் இன்றைய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இயங்குது. யார் வேண்டுமானாலும் அங்கே புகார் எழுதலாம். 17 எழுத்து, எண் கொண்ட வண்டி அடையாள எண்ணைத் தட்டினால் அந்த ஒரு வண்டிக்கு நிலுவையில் ரீகால் இருக்கா என்று தெரியும். 2015-க்குப் பிறகு 15 வருஷம் வரை இலவசமாகச் சரி செய்து கொடுக்கணும்.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு பெரிய அடி விழுந்துதான் புத்தி வந்தது. 2000 ஆகஸ்டில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியில் போட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் 65 லட்சம் திரும்பக் கூப்பிடப்பட்டன. ஓடும்போது டயரின் மேல்பட்டை உரிந்து வண்டி கவிழ்ந்தது. அமெரிக்காவில் மட்டும் 271 பேர் செத்ததாகக் கணக்கு. ஆனால் அதற்கு முன்பே வளைகுடா நாடுகளிலும் வெனிசுவேலாவிலும் ஃபோர்டு டயர்களை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. வெளிநாட்டில் நடந்ததை அமெரிக்க அரசிடம் சொல்லவேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. அந்த வருஷ நவம்பரிலேயே புதுச் சட்டம் போட்டு அதைக் கட்டாயமாக்கினார்கள். ஓர் ஊரின் புகார் இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரணும் என்கிற எண்ணம் இத்தனை உயிர் போன பிறகுதான் சட்டமானது.

நம்ம ஊர்ச் சட்டம்

இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்தான் 110ஏ என்ற பிரிவைக் கொண்டு வந்தது. ரீகால் உத்தரவு போடும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வருஷத்துக்கு 10,000-க்கு மேல் விற்கிற கார் மாடல் என்றால் 1,250 புகார் சேரணும். 501 முதல் 10,000 வரை என்றால் 1,050. மீறினால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். தானாக முன்வந்து சொல்கிற கம்பெனிக்கு அபராதம் இல்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி 7 வயசுக்கு உட்பட்டதாக இருக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 2013-இல் மறைமலை நகரிலிருந்து வந்த முதல் ஈக்கோஸ்போர்ட்கள், இந்த விதி பிறந்த அன்னைக்கே ஏழைத் தாண்டிவிட்டன. நம்ம ஊரில் ஏழு வயசு வண்டி என்பது கிழடா? மூணாவது கைக்கு மாறி அப்போதான் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு முதல் காராக வந்திருக்கும்.

சரி, புகார் எண்ணிக்கை சேராத தனி ஆள் என்ன செய்வான்? நுகர்வோர் மன்றம்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கிற ஹூண்டாயின் கிரெட்டா வழக்கு இதில் முக்கியம். டெல்லிக்காரர் ஒருவர் 2015 ஆகஸ்டில் வாங்கினார். 2017 நவம்பரில் விபத்து. ஏர்பேக் விரியவில்லை, தலையிலும் மார்பிலும் அடி, பல்லும் போச்சு. மோதிய வேகம் ஏர்பேக் விரியுற அளவுக்கு இல்லை என்பது கம்பெனி வாதம். 2022 ஏப்ரல் 20-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கார் வாங்குறவர் வேகம், விசை எல்லாம் கணக்குப் போடுகிற இயற்பியல் நிபுணர் இல்லையே என்கிற தொனியில் சொல்லி, 3 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் உறுதி செய்தது. நாலரை வருஷம் ஆனது, ஆனாலும் கிடைத்தது.

இதைப் படித்தபோது புதுச்சேரிக்காரனா எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. பிரெஞ்சு சிவில் சட்டம் 1819-இலேயே இங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் 1641-ஆம் பிரிவு பொருளில் ஒளிந்திருக்கும் குறைக்கு விற்றவனைப் பொறுப்பாக்குது. குறை இருப்பது விற்றவனுக்கே தெரியாது என்றாலும் பொறுப்பு அவனுடையது என்கிறது 1643. வாங்குறவன்தான் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கணும் என்பது பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் அடிப்படை. 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் சட்டப்படி இணைந்து, 1968-இல் ஏகப்பட்ட இந்தியச் சட்டங்கள் இங்கே நீட்டிக்கப்பட்டன. தயாரிப்பாளர் பொறுப்பு என்ற தனி அத்தியாயம் நமக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில்தான் திரும்பக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரன் ஆட்சியைப் புகழ நான் வரலை. காலனி ஆட்சியில் சாமானியத் தமிழன் கோர்ட்டுக்குப் போய் அந்தப் பிரிவைப் பயன்படுத்துவது எவ்வளவு சுலபம் என்பது தனிக் கேள்வி. ஆனால் 'ஒளிந்த குறை' என்ற கருத்து இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை.

விலாசம் இல்லாத வண்டிகள்

கடைசியா மாமாவின் வாக்கியத்துக்கு வருவோம். சட்டம், அபராதம், நீதிமன்றம் எல்லாம் இருந்தும் ரீகால் கடைசியில் நம்பியிருப்பது ஒரு விலாசத்தைத்தான். புதுச்சேரி இதில் ஒரு விசேஷமான ஊர். சாலை வரி குறைவு என்பதால் வெளிமாநிலத்துக்காரர்கள் இங்கே வந்து பிஒய்-01 நம்பர் வாங்குவது ரொம்ப காலமா நடக்குது. 2017 கடைசியில் கேரளத்தில் இது பெரிய விவகாரம் ஆனது. சினிமா பிரபலங்கள் பேரெல்லாம் அடிபட்டது. இங்கே குடியிருப்பதாகப் பொய் விலாசம் கொடுத்து சொகுசுக் கார்களைப் பதிவு செய்தார்கள் என்பது புகார்.

அதை எல்லோரும் வரி ஏய்ப்பாக மட்டும் பேசினோம். பொய் விலாசத்துக்கு ஒரு ரீகால் கடிதம் போனால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தோமா? கதவு தட்டிப் பார்த்துத் தபால்காரர் திரும்பிப் போவார். அந்த வண்டியோ தளர்ந்த போல்ட்டோடு எங்கேயோ ஒரு நெடுஞ்சாலையில் ஓடும். எதிரில் பைக்கில் வருகிறவர் அந்த வரி ஏய்ப்பில் ஒரு பைசா பார்க்காதவர். பொய் சொல்லாதவர்களும் இதே நிலைமையில்தான் இருக்காங்க. வீடு மாறியவர், விற்றுவிட்டுப் பேர் மாற்றாமல் விட்டவர், செகண்ட் ஹேண்ட் வாங்கிய எங்க மாமா.

மாமா வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்பீங்க. ஆர்.சி. புக்கில் இருக்கிற சேசிஸ் நம்பரைப் பார்த்து சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டோம். ரெண்டு நிமிஷத்தில் பதில்: "இந்த வண்டிக்கு வேலை இன்னும் பாக்கி இருக்கு சார்." மறுநாள் காலையில் விட்டு மதியம் எடுத்தோம். காசு வாங்கவில்லை. கழற்றின பழைய பாகத்தைக் காட்டச் சொன்னார் மாமா, காட்டினார்கள். வெளியே வந்ததும் கையோடு தன் போன் நம்பரையும் விலாசத்தையும் அவர்கள் கணக்கில் மாற்றச் சொல்லித் திரும்ப உள்ளே போனார்.

உங்க வீட்டில் பழைய வண்டி இருந்தால் இன்னைக்கே ஒரு போன் போடுங்க. வண்டி விற்றவராக இருந்தால், உங்க பேருக்கு வரும் கவரைப் பிரிச்சுப் பாருங்க. உங்களுக்கு வேண்டாத கடிதம் இன்னொருத்தருக்கு வேண்டியதா இருக்கலாம்.