கரீபியன் கப்பல் டூரும் ஒரு கொசுவோட 300 வருஷக் கதையும்

1/
போன மாசம் ஓபி-யில் ஒரு ஐயா வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், வயசு 67. கையில் ஒரு பிரிண்ட் அவுட்.
"டாக்டர், அமெரிக்காவுல இருக்கிற பொண்ணு எங்க ரெண்டு பேருக்கும் கரீபியன் க்ரூஸ் புக் பண்ணியிருக்கா. முடிச்சிட்டு நேரா ஊருக்கு ஃப்ளைட். ஏதாவது ஊசி போடணுமா?"
ரூட்டைப் பார்த்தேன். மயாமியில் ஏறி, கொலம்பியாவோட கார்ட்டஹீனா, பனாமாவோட கோலோன், திரும்ப மயாமி.
"ஆமாங்கய்யா, இதுல ஒரு சிக்கல் இருக்கு"ன்னு சொன்னேன். அந்தச் சிக்கலோட வரலாறுதான் இந்த த்ரெட். கடைசியில் பயணம் போறவங்களுக்கான ஆலோசனையும் இருக்கு. (அவரோட அடையாளங்களை மாற்றியிருக்கேன்.)

2/
அந்தச் சிக்கலோட பேர் மஞ்சள் காய்ச்சல். நம்ம ஊர் மஞ்சள் காமாலையோட குழப்பிக்காதீங்க, இது வேற. ஒரு வைரஸ். பரப்புறது ஏடிஸ் எஜிப்தி கொசு. நம்ம வீட்டுத் தண்ணி ட்ரம்மில் முட்டையிட்டு டெங்கு பரப்புதே, அதே கொசுதான்.
கடிச்ச 3 முதல் 6 நாளில் காய்ச்சல், உடம்பு வலி, வாந்தி. பலருக்கு அதோட சரியாகிடும். சிலருக்கு ஒரு நாள் குறைஞ்ச மாதிரி காட்டிட்டு மறுபடி ஏறும். கண் மஞ்சளாகும், ரத்தம் கசியும், வாந்தி கறுப்பா வரும். இந்த நிலைக்குப் போறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கிறதில்லை. வைரஸைக் கொல்ல இன்னிக்கும் மருந்து கிடையாது.

3/
இந்தக் கொசு கரீபியனில் பிறந்தது இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுபோன கப்பல்களில் ஏறிப் போனது. அந்தக் கால மரக்கப்பலில் குடிதண்ணி மரப்பீப்பாய்களில் இருக்கும். மாசக்கணக்கில் பயணம். பீப்பாய்க்குள் புழு, மேலே கொசு, சுற்றிலும் கடிக்க ஆட்கள்.
நோய் ஏறின கப்பலில் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்துகிட்டே இருக்கும். துறைமுகத்துக்குள் விடமாட்டாங்க. மஞ்சள் கொடி ஏற்றிட்டு வெளியே கடலில் நிற்கணும். இன்னிக்கும் கப்பல்களில் மஞ்சள் கொடி உண்டு. ஆனா அர்த்தம் தலைகீழ்: "எங்க கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கொடுங்க."

4/
இப்போ அந்த ஐயாவோட ரூட்டுக்கு வருவோம். கார்ட்டஹீனாவில் கப்பல் நின்னா எல்லாரையும் கூட்டிப் போற எக்ஸ்கர்ஷன், சான் ஃபெலிப்பே கோட்டை.
1741-இல் பிரிட்டிஷ் அட்மிரல் வெர்னன் ஏறக்குறைய 180 கப்பல்களோட வந்து இந்த ஊரை முற்றுகையிட்டார். ஜெயிச்சாச்சுன்னு நம்பி இங்கிலாந்தில் வெற்றிப் பதக்கம்கூட அடிச்சுட்டாங்க. கோட்டைத் தாக்குதல் தோற்றது. அதுக்குள்ள மழைக்காலம் வந்து காய்ச்சல் படைக்குள் புகுந்தது. சண்டையில் செத்தவங்களைவிட நோயில் செத்தவங்கதான் பல மடங்கு. மிச்சம் இருந்தவங்க திரும்பிப் போனாங்க.
கைடு ஸ்பெயின் தளபதியோட வீரத்தைச் சொல்வார். அது உண்மை. கொசுவையும் சேர்த்துக்கங்க.

5/
அடுத்து ஹைட்டி. அடிமைத்தளையை உடைச்ச மக்களை அடக்க நெப்போலியன் அனுப்பின பெரும்படை 1802-இல் வந்து இறங்கிச்சு. தலைமை, அவரோட தங்கை கணவர் ஜெனரல் லெக்லேர். அதே வருஷம் நவம்பரில் லெக்லேரே மஞ்சள் காய்ச்சலில் செத்துப் போனார். படையில் பெரும்பகுதி அழிஞ்சது.
1804 ஜனவரி 1, ஹைட்டி விடுதலை. போராடி ஜெயிச்சது அந்த மக்கள்தான். ஆனா ஒரு மருத்துவ உண்மையும் இருக்கு. சின்ன வயசில் இந்த நோய் வந்து பிழைச்சவங்களுக்கு ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தி உண்டு. புதுசா கப்பலில் வந்து இறங்கினவனுக்கு அது கிடையாது.
கப்பலில் வந்து இறங்குறவன். டூரிஸ்ட்டும் அதே ஆள்தானே?

6/
பனாமா. சூயஸ் கால்வாயை வெட்டின பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் தலைமையில் 1881-இல் இங்கேயும் வேலை ஆரம்பிச்சது. 1889-இல் கம்பெனி திவால். அதுக்குள்ள 20,000 பேருக்கு மேல செத்திருப்பாங்கன்னு மதிப்பீடு. முக்கியக் காரணம் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும்.
ஒரு ஆஸ்பத்திரி டாக்டரா என்னை உறுத்துற விஷயம் ஒண்ணு. அங்கோன் மலையில் பிரெஞ்சுக்காரங்க அருமையான ஆஸ்பத்திரி கட்டினாங்க. எறும்பு ஏறக்கூடாதுன்னு ஒவ்வொரு கட்டில் காலுக்கும் கீழே தண்ணிக் கிண்ணம். தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் தண்ணி வளையம். ஜன்னலில் வலை இல்லை.
நோயாளிக்கு நல்லது செய்யறோம்னு நினைச்சு வார்டுக்குள்ளேயே கொசு வளர்த்தாங்க. வேற காரணத்துக்கு அட்மிட் ஆனவரும் மஞ்சள் காய்ச்சலில் போனார். யாரையும் திட்ட முடியாது. காரணம் தெரியாத காலம்.

7/
தெரியாத காலமா? ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தது.
கார்லோஸ் ஃபின்லே, கியூபா டாக்டர். அதே 1881-இல், ஆகஸ்ட் மாசம், ஹவானா அறிவியல் கழகத்தில் கட்டுரை வாசிச்சார்: மஞ்சள் காய்ச்சலைப் பரப்புறது கொசு. எந்தக் கொசுன்னும் சரியா சொன்னார்.
யாரும் கண்டுக்கலை. அழுக்குத் துணி, கெட்ட காற்று, நாற்றம், இதெல்லாம்தான் காரணம்னு உலகமே நம்பிச்சு. கொசுன்னு சொன்னவரைக் கிறுக்கர் மாதிரி பார்த்தாங்க. 20 வருஷம்!

8/
அவர் பரிசோதனையும் செஞ்சார், ஆனா சந்தேகமில்லாம நிரூபிக்க முடியலை. காரணம் பின்னாடிதான் புரிஞ்சது.
நோயாளியைக் கடிச்ச உடனே கொசுவால் பரப்ப முடியாது. வைரஸ் கொசு உடம்புக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்கு வர ஏறக்குறைய 12 நாள் ஆகும். நோயாளியையும் காய்ச்சலோட முதல் சில நாளுக்குள் கடிச்சிருக்கணும். ஃபின்லே சில நாள் ஆன கொசுக்களையே பயன்படுத்தினார்.
1898-இல் அமெரிக்காவோட மிசிசிப்பியில் ஹென்றி ரோஸ் கார்ட்டர்ங்கிற டாக்டர், வீடு வீடா கேஸ் தேதிகளைக் குறிச்சு வெச்சு இந்த இடைவெளியைக் கண்டுபிடிச்சார். லேப் இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை. ஒரு நோட்டு, தேதிகள், பொறுமை.

9/
1900. கியூபாவில் இருந்த அமெரிக்க ராணுவம் ஒரு குழு அமைச்சது: வால்டர் ரீட், ஜேம்ஸ் கரோல், ஜெஸ்ஸி லசியர், அரிஸ்டிடெஸ் அக்ரமோன்ட்டே. கொசு முட்டைகளை அவங்களுக்குக் கொடுத்தது ஃபின்லே.
கரோல் தானே கொசுக்கடி வாங்கினார். நோய் வந்தது, பிழைச்சார். லசியருக்கும் வந்தது. செப்டம்பர் 25-ஆம் தேதி இறந்துட்டார், வயசு 34. நான் இதை எழுதுற வயசும் கிட்டத்தட்ட அதுதான்.

10/
அதுக்கப்புறம் ரெண்டு சின்ன கட்டடம் கட்டினாங்க.
ஒண்ணில், நோயாளிகளோட வாந்தியும் ரத்தமும் பட்ட போர்வையில் ஆட்களை 20 ராத்திரி படுக்க வெச்சாங்க. கொசு கிடையாது. ஒருத்தருக்கும் நோய் வரலை.
இன்னொண்ணு சுத்தமான அறை, நடுவில் வலைத் தடுப்பு. ஒரு பக்கம் கொசு, மறுபக்கம் கொசு இல்லை. கொசு இருந்த பக்கம் படுத்தவருக்கு மட்டும் நோய் வந்தது.
அழுக்குத் துணிக் கதை அன்னிக்கு முடிஞ்சது. அடுத்த வருஷம் ஹவானாவில் நடந்த இன்னொரு பரிசோதனையில் கிளாரா மாஸ்ங்கிற 25 வயசு நர்ஸ் இறந்தார். இந்த அறிவு சும்மா வந்தது இல்லை.

11/
1901. ஹவானாவோட சுகாதார அதிகாரி வில்லியம் கோர்காஸ். அதுக்கு முன்னாடி ஊர் முழுக்கக் குப்பை அள்ளிச் சுத்தம் பண்ணினவர். தெரு பளபளன்னு ஆனது, ஆனா 1900-இல் மஞ்சள் காய்ச்சல் கூடத்தான் செஞ்சது. ஏன்னா இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் இருக்கிற நல்ல தண்ணி போதும்.
இந்தத் தடவை குறி மாறிச்சு. ஆட்கள் வீடு வீடா போனாங்க. பீப்பாய், தொட்டி, ஜாடி எல்லாத்தையும் திறந்து பார்த்தாங்க. மூடச் சொன்னாங்க, இல்லேன்னா கொட்டினாங்க, எண்ணெய் விட்டாங்க. மூடாதவங்களுக்கு அபராதம். நோயாளியைக் கொசுவலைக்குள் வெச்சாங்க.
மக்களுக்குச் செம கோபம். "என் வீட்டுத் தண்ணியைத் தொட நீ யார்?"
பிப்ரவரியில் ஆரம்பிச்சது. செப்டம்பரோட கேஸ் நின்னுடுச்சு. ஒரு நூற்றாண்டுக்கும் மேல அந்த ஊரை விடாம பிடிச்சிருந்த நோய், எட்டு மாசத்தில் போச்சு. தடுப்பூசி இல்லாம, மருந்து இல்லாம.

12/
அதே கோர்காஸ் 1904-இல் பனாமா போனார். அங்கே மேலதிகாரிகள் கொசுக் கதையை நம்பாம பணம் கொடுக்க இழுத்தடிச்சாங்க. (எந்தக் காலத்திலும் இது மாறாது போல.) 1905-இல் கொள்ளைநோய் வந்து தொழிலாளிகள் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் முழு ஆதரவு கிடைச்சது. வீடுகளைப் புகைபோட்டாங்க, குழாய்த் தண்ணி கொண்டுவந்தாங்க. குழாய் வந்தா பீப்பாய் எதுக்கு?
1905 நவம்பரோட பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் முடிஞ்சது. 1914 ஆகஸ்ட் 15-இல் கால்வாய் திறந்தது. கோலோனில் இறங்கி நீங்க வேடிக்கை பார்க்கப்போற மதகுகள் அதில் வந்ததுதான்.

13/
சுற்றுலாவுக்குன்னே கட்டின உலகத்தோட முதல் கப்பல்னு சொல்லப்படுறது ஜெர்மனியோட பிரின்செசின் விக்டோரியா லூயிசே. 120 அறை, எல்லாமே முதல் வகுப்பு. அது கரீபியனைச் சுற்ற வந்த வருஷம் 1901. கோர்காஸோட ஆட்கள் ஹவானாவில் பீப்பாய் மூடியைத் திறந்து பார்த்துகிட்டிருந்த அதே வருஷம். (1906-இல் ஜமைக்கா கிட்ட பாறையில் மோதி அந்தக் கப்பல் போச்சு.)
அதுக்கப்புறம் வாழைப்பழம் ஏற்றின வெள்ளைக் கப்பல்கள் பயணிகளையும் ஏற்றின. 1966-இல் மயாமியிலிருந்து 'சன்வார்ட்' கிளம்பினதில்தான் இன்னிக்கு நாம பார்க்கிற க்ரூஸ் தொழில் சூடு பிடிச்சது. நீச்சல் குளம், பஃபே, கேசினோ எல்லாம் பிறகு வந்தது. அடியில் இருக்கிறது, கொசுவை ஒழிச்ச துறைமுகம்.

14/
1937-இல் மாக்ஸ் தெய்லர் குழு 17டி தடுப்பூசியைக் கொண்டுவந்தது. 1951-இல் அவருக்கு நோபல் பரிசு. இன்னிக்கும் அதே ஊசிதான்.
அப்போ நமக்கு என்ன பிரச்சினை? நோய் ஊரை விட்டுப் போச்சே தவிர காட்டை விட்டுப் போகலை. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளுக்குள் சுற்றிகிட்டே இருக்கு. இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனா கொசு தெருவுக்குத் தெரு இருக்கு, எதிர்ப்பு சக்தி யாருக்கும் இல்லை. ஒரு கேஸ் உள்ளே வந்தா என்ன ஆகும்னு நினைச்சே நம்ம அரசு ரொம்பக் கறாரா இருக்கு. அது சரிதான்.

15/
ஆகவே பயணிகளுக்கு:
✅ மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து 6 நாளுக்குள் சான்று இல்லாம இந்தியா வந்தா, 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஏன் 6? நோய் வெளிப்பட ஆகிற அதிகபட்ச நாள் அது.
✅ கொலம்பியா, பனாமா, டிரினிடாட், கயானா, சுரினாம், வெனிசுலா, பிரேசில் எல்லாம் பட்டியலில் இருக்கு. "ஒரு நாள்தான் இறங்கினோம்", "அந்த ஊரில் நோயே இல்லை"ங்கிற வாதம் எடுபடாது. பட்டியல் நாட்டைத்தான் பார்க்கும். மாறவும் செய்யும், டிக்கெட் போடும் முன்னாடி பாருங்க.
✅ பஹாமாஸ், போர்ட்டோ ரிக்கோ, செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் மாதிரி தீவுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.
✅ ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்று செல்லும். கப்பல் ஏறினப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். அரசு அங்கீகரிச்ச மையத்தில் மட்டும் போடுங்க. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஒண்ணு.

16/
❗ முக்கியம். இது உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செஞ்ச ஊசி. 60 வயசுக்கு மேல முதல் தடவை போடும்போது கடும் பக்க விளைவு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கிறவங்க, முட்டைக்குக் கடும் அலர்ஜி உள்ளவங்க, கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இவங்களுக்கு டாக்டர் பார்க்காம போடவே கூடாது. விலக்குச் சான்று தருவாங்க, ஆனா ஏற்பதும் மறுப்பதும் இறங்குற இடத்து அதிகாரி கையில்.
வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு ஆசையா டிக்கெட் போடுறீங்க, சந்தோஷம். ரூட்டையும் அவங்க மாத்திரைச் சீட்டையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க.

17/
ஊசி தேவையில்லாத தீவிலும் கொசு உண்டு. 2013 கடைசியில் சிக்குன்குனியா செயின்ட் மார்ட்டினில் நுழைஞ்சு ஒரே வருஷத்தில் கரீபியன் முழுக்கப் பரவினது. டெங்கு எப்பவும் இருக்கு. எக்ஸ்கர்ஷன் பகலில், இந்தக் கொசு கடிக்கிறதும் பகலில். முழுக்கை சட்டை, கொசு விரட்டும் க்ரீம் ரெண்டும் பையில் இருக்கட்டும். திரும்பி வந்து ரெண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தா, டாக்டர்கிட்ட எங்கெங்கே போனீங்கன்னு முதல் வரியிலேயே சொல்லுங்க.

18/
நம்ம ஐயாவுக்கு மூட்டுவாதத்துக்காக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை ஓடுது, வயசும் 67. ஊசி வேண்டாம்னு நான் சொன்னேன், தடுப்பூசி மையத்திலும் அதையே சொன்னாங்க. பொண்ணு ரூட்டை மாற்றிட்டா. இப்போ சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். கோட்டை பார்க்க முடியலையேன்னு வருத்தப்பட்டார். சான் ஹுவானில் அதைவிடப் பெரிய கோட்டை இருக்குன்னு சொல்லி அனுப்பினேன்.

19/
கிளம்பும்போது கேட்டேன், "ஐயா, வீட்டில் கொசுப்புழு பார்க்க ஆள் வருவாங்களே, உள்ளே விடுவீங்களா?"
சிரிச்சார். "வாசலோட அனுப்பிடுவோம் டாக்டர். டேங்க்ல மருந்து ஊத்திடறாங்க, தண்ணி வாடை அடிக்குது."
ஹவானாவில் சொன்ன அதே வார்த்தை. வெயிலில் வீடு வீடா ஏறி இறங்குற அந்தப் பொண்ணுங்க செய்யறது கோர்காஸ் ஆட்கள் செஞ்ச அதே வேலை. அவங்க வாசலோட திரும்பிப் போன வீட்டுக் குழந்தையைத்தான் ஐப்பசி, கார்த்திகையில் பிளேட்லெட் குறைஞ்சு எங்க வார்டில் பார்க்கிறோம்.
டெங்குவுக்கு நம்ம தடுப்பூசித் திட்டத்தில் ஊசி இல்லை. ஹவானாவுக்கு 1901-இல் இருந்த ஆயுதம்தான் நமக்கும். வாரம் ஒரு நாள் ட்ரம், தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு எல்லாத்தையும் கொட்டிக் கவிழ்த்து, தேய்ச்சுக் கழுவி, மூடி வைங்க. அடுத்த தடவை அவங்க வந்தா கதவைத் திறங்க, ஒரு சொம்புத் தண்ணியும் கொடுங்க.