வாவியின் இரு கரைகளும் உயர்தர உயிரியல் வகுப்பும்

கல்வி வரலாற்றை ஆராய்வோர் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையுமே பெரிதும் நோக்குவர். வகுப்பறையினுள் நுழையும் மாணவருக்கு எவ்வறிவு, எம்மொழியில், எந்நிபந்தனைகளின் கீழ்க் கிட்டுகின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. க.பொ.த. உயர்தர உயிரியல் வகுப்பினை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் வைத்து நோக்குமிடத்து அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. மருத்துவத்துக்கும் விவசாய விஞ்ஞானத்துக்கும் இட்டுச் செல்லும் வாயில் அவ்வகுப்பே. அவ்வாயிலை மொழியும் வர்க்கமும் ஒருங்கே காவல் செய்து வந்துள்ளன.

மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலும் புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தோன்றின. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உயர்நிலை விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே பயிற்றப்பட்டமையால், அது நகர்சார்ந்த சிறு பகுதியினரின் உடைமையாயிற்று. இயற்கை பற்றிய அறிவு மக்களிடம் இல்லாதிருக்கவில்லை. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமேர்சன் ரெனன்ற், வாவியினடியிலிருந்து எழும் இசையொலியைக் கேட்டு, அது ஊரியின் ஒலியென மீனவர் கூறியதையும் பதிவு செய்தார். மீனவர் தகவல் தந்தனர். விஞ்ஞானம் எழுதியவர் துரை. இவ்வேலைப் பிரிவினை நெடுங்காலம் நீடித்தது.

இதனைத் தகர்க்கும் முயற்சியில் இப்பிரதேசத்தவர் ஒருவர் முன்னின்றமை நோக்கற்பாலது. 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பண்டிதர் மட்டுமல்லர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாவர். 1936இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1945இன் இலவசக் கல்வியும், பின்னர் அறுபதுகளில் உயர்தர விஞ்ஞானம் சுயமொழிகளுக்கு மாறியமையும் அம்முயற்சிக்குச் சமூக அடித்தளம் அளித்தன.

ஆகவே இன்று இவ்வகுப்பிற் புகும் மாணவர் முதலில் எதிர்கொள்வது ஒரு சொல்லுலகத்தையே. தமிழகத்தார் செல், திசு, ஒளிச்சேர்க்கை என்பனவற்றை ஈழத்தார் கலம், இழையம், ஒளித்தொகுப்பு என்பர். இழைமணி, பச்சையவுருமணி, நிறமூர்த்தம், ஒடுக்கற்பிரிவு என அப்பட்டியல் நீளும். கலம் என்பது பாத்திரத்தையும் மரக்கலத்தையும் குறித்த பழஞ்சொல். வாவிக்கரைப் பிள்ளைக்கு அது அந்நியமன்று. பிரசாரணம் போன்ற வடமொழிச் சொற்கள் அவ்வாறல்ல. அவை மனனத்தாலேயே கைவருவன. எனினும், உயிரின் மிக நுண்ணிய தொழிற்பாட்டையும் தமிழிலே விளக்க முடிந்தமை சாதாரண வெற்றியன்று. அதனைத் தூய்மைவாதமெனத் தள்ளும் சில முற்போக்காளரின் கருத்து எமக்கு உடன்பாடானதன்று.

முன்னர்த் தாவரவியல், விலங்கியல் என இரு பாடங்களாக இருந்தவை நூற்றாண்டுத் திருப்பத்தில் உயிரியல் என ஒன்றாயின. உயிரின் இரசாயன அடிப்படையிலிருந்து கூர்ப்பு, தாவரங்களினதும் விலங்குகளினதும் அமைப்பும் தொழிலும், பிறப்புரிமையியல், சூழலியல், நுண்ணுயிரியல் வரை ஏறக்குறைய ஈராண்டில் முடித்தல் வேண்டும். இரசாயனவியலும், அதனோடு பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானமும் உடன்வரும். மருத்துவத்தை நாடுவோருக்குப் பௌதிகவியல் இன்றியமையாதது. இறுதியில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள் கொண்ட ஒரு தாளும், அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் கொண்ட மற்றொரு தாளும். செய்முறைக்கெனத் தனிப் பரீட்சை இல்லாமையால் நுணுக்குக்காட்டி பின்தள்ளப்படுகின்றது. தனியார் வகுப்பின் குறிப்புத்தாள் முன்வருகின்றது. கண்டலின் வித்து மரத்திலிருக்கும்போதே முளைவிடுதலை வாவிக்கரையிற் காணாது, படத்தைப் பார்த்து எழுதும் மாணவர் பலர். தமிழில் இத்தனையும் கற்றவர் மருத்துவ பீடத்தில் மீண்டும் ஆங்கிலத்தையே சந்திக்கின்றார்.

யார் இவ்வகுப்பிற்கு வருகின்றனர் என்பதே அடிப்படை வினா. 1971இல் மொழிவழிப் புள்ளி வேறுபாடு புகுத்தப்பட்டபோது, மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியதாயிற்று. இது அப்பட்டமான இனப்பாரபட்சமே. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு இடமளித்தது. தமிழ்ச் சமூகத்தை வர்க்க வேறுபாடற்ற ஒரே திரளாகக் காணும் தேசியவாத எழுத்துகள் இவ்விரண்டையும் பிரித்தறிவதில்லை.

மாவட்டம் என்னும் அலகும் ஓர் உண்மையை மறைக்கின்றது. வாவியின் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயலும் மேய்ச்சலும் சார்ந்த படுவான்கரை. விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1ஏபி பாடசாலைகளும் தேர்ந்த ஆசிரியரும் பெரும்பாலும் எழுவான்கரையிலேயே குவிந்துள்ளனர். போர்க்காலத்திற் படுவான்கரை, 2007 வரை, சோதனைச் சாவடிகளுக்கு அப்பாலிருந்தது. ஒதுக்கீடு மாவட்டத்துக்கு உரியதாயினும், அதனைப் பெறும் தகுதி கரையைப் பொறுத்தே அமைகின்றது. 1981இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் விஞ்ஞான, விவசாய பீடங்களோடு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியமையும், அது 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமானமையும் இந்நிலையை முற்றாக மாற்றவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. மண்டூர் மாணவர் இன்றும் குருமண்வெளித் துறைக்குப் பாதையிலேயே வாவியைக் கடக்கின்றனர்.