தண்டோராவிலிருந்து ரீல்ஸ் வரை: நம்ம மலைச் சரக்கு பேர் சொன்ன கதை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும், நீதான் பத்தாவது வரைக்கும் படிச்சவளாச்சே, எழுதுன்னு எங்க ஊக்குநர் அக்கா சொல்லிட்டாங்க. ராஜாக்கள் வரலாறு எனக்கு எழுத வராது. ஆனா நம்ம சரக்கைப் பத்தி நாலு பேருக்கு எப்படிச் சொன்னோம், ஒரே சேதியை எத்தனை வழியில சொன்னோம், அதுல எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது தெரியும். அதையே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கீழ்மலை, தாண்டிக்குடிப் பக்கம். வாழ்க்கைப்பட்டது மேல்மலை. அங்கே காபி, இங்கே பூண்டு. கல்யாணமாகி வந்த புதுசுல, அடுப்புக்கு மேலே கட்டுக் கட்டாத் தொங்கின பூண்டைப் பார்த்து, "எதுக்கு அத்தை இதைப் புகையில போட்டிருக்கீங்க?"ன்னு மாமியாரைக் கேட்டேன். "பனியும் மழையும் விடாத ஊரு. வெயிலை நம்பினா பூண்டு அழுகிடும், புகைதான் காப்பாத்தும்"னு சொன்னாங்க. அந்த ஒரு வரிதான் பின்னாடி எங்க குழுவோட முதல் விளம்பரம் ஆச்சு. அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிடுறேன்.

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845இல். 1910களில் வத்தலகுண்டு மலைப்பாதை வரும் வரைக்கும் பெரியகுளம் பக்கமிருந்து நடையாகவும் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறி வந்திருக்கிறார்கள். சரக்கு இறங்கினதும் தலைச்சுமையாகத்தான். ரோடு வந்து லாரி வந்த பிறகு எங்க பூண்டு பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வடுகபட்டி மண்டிக்குப் போனது. இன்னிக்கும் நிறைய அங்கேதான் போகுது. மண்டியில மூட்டையைப் பிரிச்சுக் கொட்டினதும் அது வடுகபட்டிப் பூண்டு ஆயிடும். யார் விதைச்சது, எந்த ஊரு, எப்படிக் காய வெச்சதுன்னு ஒரு சேதியும் கூடப் போகாது. ஊருக்குள்ள கூட்டம்னா தண்டோரா போடுவாங்க, வரி கட்டணும்னா தண்டோரா போடுவாங்க. எங்க பூண்டுக்கு எவரும் தண்டோரா போட்டதில்லை.

அதே மலைக்கு அந்தப் பக்கம் பாருங்க. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போற விருப்பாச்சி மலை வாழைப்பழமும் நம்ம பழனி மலைத் தொடரில் விளைவதுதான். ஆனால் பஞ்சாமிர்தம் டப்பாவில் ஊர் பேரோட போகுது. பாதயாத்திரை வந்தவர் வீட்டுக்கு வாங்கிட்டுப் போறார், பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுக்கிறார். காலி டப்பாகூட அடுக்களையில உப்பு, புளி போட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கும். டப்பாவே ஒரு தண்டோரா. விருப்பாச்சி மலை வாழைக்கு 2008லும் பஞ்சாமிர்தத்துக்கு 2019லும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரே சேதியைப் பல இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்திச் சொல்றது செல்போன் வந்த பிறகு கண்டுபிடிச்சது இல்லை. 1923இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் அங்கேயே வளர்ந்தது. லேபிள்ல சிரிச்ச லட்சுமியும் முருகனும் காலண்டர்லயும் சிரிச்சாங்க. கீழே கடை பேர் மட்டும் மாறும். வருஷம் 365 நாளும் ஒரு வீட்டுச் சுவத்துல நிக்கிற விளம்பரம் அது.

அமுல் வெண்ணெய்க்காரங்க 1966லிருந்து ஒரே சின்னப் பொண்ணு படத்தை வெச்சிருக்காங்க. ரோட்டோர போர்டுல வந்தா, பேப்பர்ல வந்தா, இப்போ போன்லயும் வர்றா. நாட்டு நடப்புக்கு ஏத்த மாதிரி பேச்சு மாறும், பொண்ணு மாற மாட்டா. 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் போட்டு ஆரம்பிச்ச லிஜ்ஜத் கதை பயிற்சியில நாம எல்லாரும் கேட்டதுதான். அந்த அப்பளத்துக்கும் பாக்கெட்டுல ஒரு முகம், டிவியில ஒரு முயல். நம்மள மாதிரி பொம்பளைங்க செஞ்சதுதானே.

நம்ம குழுக்கள் வரலாற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. 1997-98இல் மகளிர் திட்டம் வந்தது. சேமிப்பு, உள்கடன், சுழல்நிதி என்று பணத்துக்கு வழி பிறந்தது. சரக்கை விக்கறதுக்கான வழி மெதுவாத்தான் வந்துச்சு. கண்காட்சியில ஒரு மேசை, பூமாலை வளாகத்துல ஒரு கடை, பிறகு 'மதி' என்ற பேர். சீசன்ல டூரிஸ்ட் வந்தா வியாபாரம், இல்லைன்னா ஈ ஓட்டணும். எங்க குழு பூண்டு, பூண்டு ஊறுகாய், காபித்தூள் மூணையும் அப்படித்தான் வித்தோம்.

2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுக்கு முன்முயற்சி எடுத்தது நம்ம அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் என்பதில் நமக்குப் பெருமை. இனி விலை ஏறிடும்னு நினைச்சோம். ஆனால் பேர் கிடைச்சா மட்டும் போதாது, பேரை யாராவது சொல்லிக்கிட்டே இருக்கணும். அடுத்த வருஷம் மார்ச்சுல ஊரடங்கு. மலைக்கு ஒரு வண்டி வரலை. மேசை போட இடமில்லை, வாங்க ஆளில்லை. வீட்டுல பூண்டு தொங்குது, வங்கிக் கடன் தவணை நிக்குது. அப்பத்தான் பன்னிரண்டாவது படிச்சுக்கிட்டிருந்த எங்க குழு உறுப்பினர் மகள், "அத்தை, நீங்க புகை போடுற கதையைச் சொல்லுங்க, நான் போன்ல எடுக்கிறேன்"னு வந்தா.

மாமியாரை அடுப்பு பக்கத்துல உட்கார வெச்சு எடுத்தோம். மொத்தம் ஆறு நிமிஷம். அதை வெச்சு நாங்க செஞ்சது இது:

முழுசையும் யூடியூபில் போட்டோம். மெதுவாப் பார்க்கிறவங்களுக்கு அது. பூண்டுக் கட்டை இறக்குற இடத்தை மட்டும் அரை நிமிஷம் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டோம். சொந்தபந்தம் பார்க்கிறது அங்கேதான். ஒரு பல்லை உரிச்சுக் காட்டுற இடம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்க்கு. அது முன்பின் தெரியாதவங்களுக்கு, அதனால ஊர் பேரு முதல் நொடியிலேயே வரணும். அதே வீடியோவிலிருந்து ஒரு படம் எடுத்து, விலையும் எடையும் எழுதி வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக்கில் வெச்சோம். மாமியார் சொன்ன வரியைச் சீட்டுல அச்சடிச்சு பாக்கெட்டுக்குள்ள போட்டோம். ஊரடங்கு தளர்ந்ததும் அதே வரியைப் பெரிய எழுத்துல எழுதி, பஸ் நிக்கிற இடத்துல இருக்கிற கடையில ஒட்டினோம். ஒரு நாள் உழைப்பு, ஆறு இடத்துல வேலை செஞ்சது. ஒரு மாவை அரைச்சு இட்லி, தோசை, பணியாரம் சுடுறோம் இல்லையா, அதுதான்.

முதல் மாசத்துலேயே மதுரை, கோயம்புத்தூர்னு பார்சல் போச்சு. எங்களுக்குத் தலைகால் புரியலை. தப்பு நடந்ததும் அப்பத்தான்.

வீடியோவுல மாமியார், "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு படபடப்பு வந்தா பூண்டு பால் காய்ச்சிக் குடுப்பேன்"னு ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க. அதைச் சின்னதா வெட்டும்போது, "நெஞ்சுக்கு நல்லது" ஆச்சு. நோட்டீஸ்ல இன்னும் சுருக்கி, "இதய நோய் தீரும்"னு நான்தான் எழுதினேன். இடம் பத்தலைன்னு வார்த்தையைக் குறைச்சேன். கூடவே உண்மையும் குறைஞ்சது எனக்கு உறைக்கலை. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அக்கா போன் பண்ணாங்க. எந்த ஊருன்னு இங்கே எழுதலை. "எங்க வீட்டுக்காரருக்கு அடைப்பு இருக்கு, மாத்திரை வாங்கவே காசு பத்தலை. உங்க பூண்டு சாப்பிட்டா மாத்திரையை நிறுத்திடலாமாம்மா?"ன்னு கேட்டாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு. "ஐயோ, நிறுத்திடாதீங்கக்கா, டாக்டர் சொல்லாம ஒண்ணையும் நிறுத்தாதீங்க, இது வெறும் பூண்டு"ன்னு நாலு தரம் சொன்னேன். மறுநாள் காலையிலும் நானே கூப்பிட்டுக் கேட்டேன். மாத்திரை கொடுத்திருந்தாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு வாய் காபி இறங்குச்சு.

அந்த வாரக் கூட்டத்துல இதைச் சொன்னேன். மறைக்கலாம்னு ஒரு நினைப்பும் வந்தது, மறைக்கலை. ஒட்டின நோட்டீஸை எல்லாம் கிழிச்சோம், போன்ல போட்டதை எல்லாம் அழிச்சோம். ஆறு இடத்துல நல்லது பரவின வேகத்துலதான் தப்பும் பரவியிருந்துச்சு. அழிக்கிறதுக்குள்ள அதைப் பலர் மத்தவங்களுக்கு அனுப்பிட்டாங்க. அதை எங்களால திருப்பி எடுக்க முடியலை. பிறகு ஒரு பயிற்சியில, இதய நோய் மாதிரி நோய்களைக் குணமாக்கும்னு விளம்பரம் செய்யறது 1954ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம்னு தெரிஞ்சுக்கிட்டோம். சட்டத்துக்கு முன்னாடியே அந்த அக்காவோட குரல் எனக்குப் போதுமானதா இருந்தது.

தீர்மானப் புத்தகத்துல அன்னிக்கு எழுதினது இதுதான்: எவ்வளவு சுருக்கினாலும் நோய் பேரு வரக்கூடாது. விலை மாறினா ஆறு இடத்திலும் அன்னிக்கே மாத்தணும். ஒருத்தர் முகம் வர்றதா இருந்தா அவங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்கணும். போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் படிக்கணும், அதுல ஒருத்தர் எழுதினவரா இருக்கக்கூடாது.

இன்னொரு பாடமும் உண்டு. நம்ம பெண்கள் சிலர் டிக்டாக்கில் நிறைய வீடியோ போட்டு வெச்சிருந்தாங்க. 2020 ஜூன் 29ஆம் தேதி அதைத் தடை செஞ்சாங்க, அத்தனையும் ஒரே ராத்திரியில போச்சு. ரீல்ஸ் வந்தது அடுத்த மாசம். அடுத்தவன் திண்ணையில கடை போட்டா, அவன் கதவைச் சாத்துற நாள் நம்ம கையில இல்லை. அதனால மூல வீடியோ, படம், எழுதின வாசகம், வாங்கினவங்க நம்பர் எல்லாத்தையும் ஒரு நோட்டிலும் ஒரு மெமரி கார்டிலும் பத்திரமா வெச்சிருக்கோம். நோட்டு பீரோவில சேமிப்புப் புத்தகத்தோட இருக்கு. அதுவும் சேமிப்புதானே.

2024 மே 7லிருந்து கொடைக்கானலுக்கு வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் வேணும். மலையைக் காப்பாத்தத்தான் அது, எனக்குக் குறை இல்லை. ஆனால் டூரிஸ்ட் வரட்டும்னு மேசை போட்டுக் காத்திருந்த காலம் இனி திரும்பாது. நம்ம சேதிதான் மலை இறங்கிப் போகணும்.

மாமியார் இப்போ இல்லை. அந்த ஆறு நிமிஷ வீடியோ இருக்கு. போன தையில புது உறுப்பினர்கள் ரெண்டு பேருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். "வெயிலை நம்பினா அழுகிடும்"னு அவங்க சொல்ற இடத்துல நிறுத்தி, இதை எத்தனை விதமாச் சொல்லலாம், எழுதுங்கன்னு ஒரு பேப்பர் கொடுத்தேன். ஒருத்தி ஒன்பது எழுதினா. ஒன்பதுலயும் நோய் பேரு இல்லை.

மத்த ஊராட்சிச் சகோதரிகளும் உங்க வீட்டுப் பெரியவங்க சொல்ற ஒரு வரியை இன்னிக்கே எழுதி வையுங்க. தேன், காபி, காய்கறி எதுவா இருந்தாலும் சரி. எப்படிப் பிரிச்சுப் போடுறதுன்னு தெரியலைன்னா எங்க குழுவுக்கு வாங்க, கூட உட்கார்ந்து செய்வோம்.