கேசின் பாஸ்போபெப்டைடுகளின் வரலாறு

கேசின் பாஸ்போபெப்டைடுகள் என்பவை பாலிலுள்ள கேசின் புரதத்தை டிரிப்சின் நொதி செரிக்கும்போது உண்டாகும் சிறு துண்டுகள் ஆகும். உணவிலிருந்து பெறப்படும் கால்சியக் கடத்திகளுள் நன்கு ஆராயப்பட்டவை இவையே.

1950 ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த ஓலோஃப் மெலாண்டர், ரிக்கெட்சு நோயுற்ற குழந்தைகளுக்கு இத்துண்டுகளைக் கொடுத்தபோது, உயிர்ச்சத்து டி இன்றியே எலும்பில் கால்சியம் படிவது கூடியதாக அறிவித்தார். ரிக்கெட்சுக்கு மருந்து உயிர்ச்சத்து டி என்று நிலைபெற்றுவிட்ட காலத்தில் இது துணிச்சலான கூற்று.

இரைப்பை அமிலத்தில் கரைந்த கால்சியம், சிறுகுடலின் காரச்சூழலை அடைந்ததும் பாஸ்பேட்டுடன் சேர்ந்து வீழ்படிவாகிறது. வீழ்படிந்ததைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. இத்துண்டுகளிலோ மூன்று பாஸ்போசெரின்களும் அவற்றையடுத்து இரண்டு குளூட்டாமிக் அமிலங்களும் வரிசையாக உள்ளன. எதிர்மின்சுமை செறிந்த இப்பகுதி கால்சியத்தைப் பற்றிக் கரைநிலையிலேயே வைத்திருக்கிறது. செரிமான நொதிகள் மேலும் வெட்டுவதையும் தடுக்கிறது. கன்றின் எலும்பை வளர்க்க வேண்டிய பாலில் இவ்வமைப்பு இருப்பது வியப்பன்று.

இவை ஆய்வகக் குடுவையில் மட்டுமே உண்டாகின்றனவா என்ற ஐயம் 1972 இல் நீங்கியது. சப்பானில் நைட்டோ குழுவினர், கேசின் உண்ட எலிகளின் சிறுகுடலில் இவற்றைக் கண்டறிந்தனர். ஆனால் பின்னர் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன: சிலவற்றில் உறிஞ்சல் கூடியது, சிலவற்றில் மாற்றமே இல்லை.

குடலுக்காகத் தொடங்கிய ஆய்வு வாயிலும் வணிகப்பயன் கண்டது. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் எரிக் ரெனால்ட்சு, கால்சியம் பாஸ்பேட்டை இத்துண்டுகளால் நிலைப்படுத்தி, பல் எனாமலைச் சீராக்கும் பொருளை உருவாக்கினார். இன்று அது மெல்லும் கோந்திலும் பற்பசைகளிலும் சேர்க்கப்படுகிறது.