ஆர் விகுதியும் ஆன் விகுதியும்

செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்தில் ஒரு மாலை நான் வண்டிக்காகக் காத்திருந்தபோது, விடைபெற்றுக்கொண்டிருந்த இரு முதியவர்களில் ஒருவர், "கர்த்தர் பாத்துப்பாரு, பாய்" என்று சொல்ல, மற்றவர் தொப்பியைச் சரிசெய்தபடி, "ஆமாண்ணே, அல்லா பாத்துப்பான்" என்றார். இருவர் நம்பிக்கையும் ஒன்றுதான். வினைமுற்றின் வால்தான் வேறு.

அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போனால் வெகுதூரம் போகலாம். 1578-இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக்கு பாதிரியாரின் நூலுக்குத் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர். சைவ மடங்களில் வழங்கிய சொல்லையே கிறிஸ்தவக் கடவுளுக்கும் சூட்டினார்கள். பின்னர்க் கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றனர். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கும் அதையே கைக்கொண்டார். ஈசுவர சப்தத்தில் சிவவாசனை வீசுகிறதென்றோ என்னவோ, பின்வந்த பைபிள் மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியஸ் 'பராபரன்' என்று மாற்றினார். அதுவும் தாயுமானவர் கண்ணிகளில் ஊறிய சொல்தான். தமிழ் பைபிளின் 1871-இன் திருத்தப் பதிப்பு 'தேவன்' என்றது. அதற்குத் தேவி என்ற பெண்பாலும் தேவர் என்ற பன்மையும் உண்டே என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். 1995-இன் திருவிவிலியம் 'கடவுள்' என்று நின்றது.

முஸ்லிம்களுக்கு இந்த அலைச்சல் நேரவில்லை. பன்மையும் பெண்பாலும் ஏலாத 'அல்லாஹ்' என்னும் நாமத்தைப் பெயர்க்காமல் வைத்துக்கொண்டு, நாயன், ஆண்டவன், இறைவன் என்ற தமிழ்ச் சொற்களை அதற்கு அணிகளாகத் தாராளமாகப் பூட்டினர். அரபு நாட்டுக் கிறிஸ்தவரும் தம் வேதத்தில் அல்லாஹ் என்றே வாசிக்கிறார்கள் என்பதை நம்மவர் பலர் அறியார்.

பைபிளில் தேவன் 'சிருஷ்டித்தார்'; குர்ஆன் தமிழாக்கங்களில் அல்லாஹ் 'படைத்தான்'. ஜெபத்தில் 'நீர்', துஆவில் 'நீ'. திரித்துவத்தால் வந்த பன்மை இது என்று யாரேனும் சாமர்த்தியம் பேசினால் நான் ஒப்பமாட்டேன். அது மரியாதைப் பன்மை. பிதா என்று அழைத்தவனுக்கு 'வந்தான்' என்ற வினை நாவில் ஏறாது. தகப்பனை அப்படிச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. இஸ்லாமோ இறைவனைத் தந்தை என்பதில்லை. அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்பதே குர்ஆனின் 112-ஆம் அத்தியாயம், நான்கே வசனங்களில், விதிக்கும் விசுவாசம்; அப்துல்லா என்ற பெயருக்கே அல்லாஹ்வின் அடிமை என்று பொருள். ஏகத்துவத்தைச் சொல்ல வந்தவனுக்கு ஒருமை விகுதியைக் காட்டிலும் தகுந்த கருவி தமிழில் எது? தேவாரம் ஓதுபவரும் சிவனைப் பல இடங்களில் ஒருமையில்தானே பாடுகிறார். அவமரியாதை என்று யாரும் சொன்னதில்லை.

ஆயினும் ஒரு வேடிக்கை. அதே குர்ஆனில் இறைவன் தன்னைப் பல இடங்களில் 'நாம்' என்கிறான். அரபியில் அது மாட்சிமைப் பன்மை. மொழிபெயர்ப்பாளர்கள் 'நாம் இறக்கினோம்' என்று நேராகவே எழுதிவிட்டார்கள். அரசர்கள் 'யாம்' என்று சொல்லக் கேட்டுப் பழகிய தமிழுக்கு அது உறுத்தவில்லை. அடுத்த வசனம் 'அவன்' என்று திரும்பும்போதும் ஓதுகிறவர் குரல் தடுமாறுவதில்லை.