நஞ்சன்கூட்டிலிருந்து நூலகம் எவ்வளவு தூரம்?

இங்கே அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் கணினிப் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். அங்குள்ள மருத்துவ நூலகத்திலிருந்து மாதம் தவறாமல் ஒரு மின்னஞ்சல் வரும். எந்தத் தரவுத்தளம் புதிதாகச் சேர்ந்தது, எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா நின்றது, வீட்டிலிருந்து உள்ளே நுழையும் முறை எப்படி மாறியிருக்கிறது... இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள். பல வருஷமாக அதைப் படிக்காமலே அழித்துக்கொண்டிருந்தேன். டாக்டர்களுக்கு வந்த கடிதாசி, நமக்கெதற்கு என்ற நினைப்புதான்.

போன வருஷம் ஒரு ராத்திரி நஞ்சன்கூட்டிலிருந்து அம்மா கூப்பிட்டார். "டாக்டர் புது மாத்திரை எழுதியிருக்கார்டா. பழசை நிறுத்திடணுமாம். நீ ஆஸ்பத்திரியிலதானே இருக்கே, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்." ஆஸ்பத்திரியில் இருந்தாலே வைத்தியம் தெரியும் என்று நம்புகிற அம்மாக்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

கூகுளில் தேடினேன். அந்த மாத்திரையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை முதல் பக்கத்திலேயே வந்தது. சொடுக்கினால் எட்டு வரிச் சுருக்கம். அதற்குக் கீழே, முழுக் கட்டுரைக்கு நாற்பது டாலர் கேட்டு ஒரு பெட்டி. அப்போதுதான் நூலகத்தின் கடிதம் நினைவுக்கு வந்தது. குப்பைத் தொட்டியிலிருந்து அதை மீட்டு, அதில் சொன்ன வழியில் அலுவலகக் கடவுச்சொல்லைப் போட்டேன். அதே கட்டுரை, காசில்லாமல், முழுசாகத் திறந்தது.

படித்தேன். பாதி புரிந்தது. புரியாத மீதியைக் கேட்க அம்மாவின் டாக்டரையே அழைத்தேன். அவர் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: "சுருக்கம் படிச்சேன் சார். முழுசு கிடைக்கல. உங்களுக்குக் கிடைச்சுதா?"

கணினிக்காரனுக்குக் கிடைக்கிறது, வைத்தியம் பார்ப்பவருக்குக் கிடைக்கவில்லை. அந்த உறுத்தலில் தோண்டியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சன்கூடு என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது பல்பொடி. 1913-இல் பி.வி. பண்டிட் தொடங்கிய சத்வைத்யசாலையின் சரக்கு அது. ஊர்ச் சாமியே ஒரு வைத்தியர்தான். நஞ்சை உண்டதால் நஞ்சுண்டேஸ்வரர். பார்வை போன யானைக்கு இந்தச் சாமியை வேண்டிப் பார்வை திரும்பியது, அதனால் திப்பு சுல்தான் இவரை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்துப் பச்சைக்கல் லிங்கம் கொடுத்தார் என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடக் கதை சொல்லும். ஆக, கபிலா ஆற்றங்கரையில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. வைத்தியப் புத்தகம்தான் தூரத்தில் இருந்தது.

எவ்வளவு தூரம்? மைசூர் வரை, சுமார் 23 கிலோமீட்டர். மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-இல் பெங்களூரில் தொடங்கி 1930-இல் மைசூருக்கு வந்தது. 1984-இல் ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியும் மைசூரில் வந்தது. அதை நடத்தும் மகாவித்யாபீடத்துக்கு மூலமான சுத்தூர் மடம் எங்கள் நஞ்சன்கூடு தாலுகாவில்தான் இருக்கிறது. கல்லூரி இருந்தால் நூலகம் இருக்கும். ஊர் டாக்டர் பஸ் ஏறிப் போனால் போதும் என்றுதானே நினைப்பீர்கள்?

அங்கே போனாலும் முதல் வேலை தேடுவது. எந்தக் கட்டுரை எந்தச் சஞ்சிகையில் வந்தது என்று கண்டுபிடிக்க அன்று இருந்த முக்கியமான சாவி 'இண்டெக்ஸ் மெடிகஸ்'. அமெரிக்க ராணுவ மருத்துவ நூலகத்தில் இருந்த ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர் 1879-இல் தொடங்கியது. உலக மருத்துவச் சஞ்சிகைகளில் வந்தவற்றைப் பொருள்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் அடுக்கிக் கொடுக்கும் பட்டியல். தலையணை மாதிரித் தடிமன், பொடி எழுத்து. அதில் தலைப்பைப் பிடித்தபின் அந்தச் சஞ்சிகை அதே நூலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால்?

அப்பா நஞ்சன்கூடு தபாலாபீஸில் இருந்தார். எண்பதுகளில் எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் வாரத்துக்கு நாலைந்து அட்டை வெளிநாட்டுக்குப் போடுவார். அச்சடித்த வாசகம், நடுவில் கோடிட்ட இடம்: 'மதிப்புக்குரிய டாக்டர், தாங்கள் எழுதிய இன்ன கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பித் தரவும்.' கட்டுரை எழுதியவருக்கே நேராகக் கேட்டு எழுதுவது. உலகம் முழுக்க மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் அன்று அப்படித்தான் செய்தார்கள். சஞ்சிகை நிறுவனம் ஆசிரியருக்குத் தனியே அச்சடித்துத் தரும் பிரதிகளை அவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்புவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பழுப்பு உறை வரும். டாக்டருக்குக் கட்டுரை, எனக்கு ஸ்டாம்ப்! ஸ்வீடனும் கனடாவும் என் ஆல்பத்தில் இருந்தது அந்த அட்டைகளின் புண்ணியம். அந்த மூன்று மாதத்தில் நோயாளி என்ன ஆனார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

இதற்கிடையில் பட்டியல் போடுகிறவர்களுக்கே மூச்சு முட்டியது. கட்டுரைகள் பெருகப் பெருகக் கையால் அடுக்கி அச்சடித்து முடியவில்லை. 1964-இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 'மெட்லார்ஸ்' என்று கணினியில் ஏற்றியது. 1971-இல் தொலைபேசிக் கம்பி வழியாகவே தேடும் 'மெட்லைன்' வந்தது. 1997 ஜூன் 26-ஆம் தேதி 'பப்மெட்' உலகத்துக்கே இலவசம் என்று அறிவித்தார்கள். அன்றைய துணை ஜனாதிபதி அல் கோர் தானே உட்கார்ந்து தேடிக் காட்டினார். 2004 முடிவோடு அச்சு இண்டெக்ஸ் மெடிகஸ் நின்றது. இன்று பப்மெட்டில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். நஞ்சன்கூட்டில் டீக்கடை வாசலில் நின்று கைபேசியிலேயே தேடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இலவசமானது தேடல்தான். படிப்பது இல்லை. அம்மாவின் டாக்டர் மாட்டிக்கொண்டது சரியாக இந்த இடத்தில்.

இணையத்துக்குச் சஞ்சிகைகள் வந்தபோது பதிப்பாளர்கள் பூட்டையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். நம் துறை ஆட்களுக்குப் புரியும்: கோரிக்கை வருகிற ஐ.பி. எண் சந்தா கட்டிய கல்லூரியுடையதா என்று பார்ப்பார்கள். ஆமென்றால் திறக்கும், இல்லையென்றால் நாற்பது டாலர். வீட்டிலிருந்து படிக்க நினைப்பவருக்கு நூலகம் நடுவில் ஒரு ப்ராக்ஸி வைத்து, கடவுச்சொல் சரிபார்த்து, கல்லூரிக்குள் இருப்பவர் போலவே அனுப்பி வைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சு இதழுக்குச் சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்களாவது அலமாரியில் மிஞ்சும். இணையச் சந்தா நின்றால், ஒப்பந்தம் எப்படி என்பதைப் பொறுத்து, நேற்று படித்த பழைய இதழ்கூட மறைந்துபோகலாம். நான் அழித்துக்கொண்டிருந்த அந்த மாதாந்தரக் கடிதம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: இந்த மாதம் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது சாத்தியிருக்கிறது.

ஏழை நாடுகளுக்காக 2002-இல் உலக சுகாதார நிறுவனம் 'ஹினாரி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பதிப்பாளர்கள் இலவசமாகவோ மலிவாகவோ தருவார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நாடு பெரிது, மொத்த வருமானம் பெரிது. நஞ்சன்கூட்டு டாக்டரின் பர்ஸைப் பார்த்து யாரும் கணக்குப் போடவில்லை.

கர்நாடகம் வேறொரு வழி கண்டுபிடித்தது. 1996-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. அந்தப் பல்கலைக்கழகம் 2003-இல் 'ஹெலினெட்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. பத்து வீட்டார் சேர்ந்து மண்டியில் மூட்டையாக அரிசி வாங்கினால் விலை குறைகிறதே, அதே தத்துவம். கல்லூரிகள் தனித்தனியே சந்தா கட்டாமல் பல்கலைக்கழகம் எல்லோருக்குமாகப் பேரம் பேசியது. தனியாக வாங்க முடியாத சஞ்சிகைகள் சிறிய ஊர்க் கல்லூரிகளுக்கும் கிடைத்தன. டெல்லியிலுள்ள தேசிய மருத்துவ நூலகம் 2008-இல் 'எர்மெட்' என்று இதே மாதிரி ஒன்றைத் தேசிய அளவில் தொடங்கியது.

நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியவர், கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்து 1972-இல் அங்கேயே மறைந்தவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் விதிகளில் ஒன்று. ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்டிருப்பார்: யார் வாசகர்? கல்லூரியில் மாணவராகவோ ஆசிரியராகவோ இருக்கும் வரை சாவி கையில் இருக்கும். படிப்பு முடித்து நஞ்சன்கூட்டில் கிளினிக் போட்டதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நோயாளிகளை அதிகம் பார்க்கிறவர் வெளியே நிற்கிறார்.

பூட்டைக் கழற்றவே முடியாதா? முடியும் என்று ஒருமுறை பார்த்தோம். 2020 மார்ச் கடைசியில் நஞ்சன்கூட்டின் மருந்து ஆலை ஒன்றில் கொரோனா தொற்று தெரிந்தது. வரிசையாகப் பல தொழிலாளர்களுக்கும் பரவி, ஊர் பெயர் தேசியச் செய்திகளில் அடிபட்டது. அம்மா தெருவில் தடுப்பு கட்டிவிட்டார்கள், தினமும் ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அதற்கு முன்பே, ஜனவரி 31-இல், பெரிய பதிப்பாளர்கள் பலர் இந்த நோய் பற்றிய கட்டுரைகளை அவசரம் முடியும்வரை இலவசமாகத் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மைசூரில் சிகிச்சை கொடுத்தவரும் பாஸ்டனில் கொடுத்தவரும் அன்று ஒரே கட்டுரையை ஒரே நாளில் படிக்க முடிந்தது. என் ஸ்டாம்ப் காலத்தில் அதற்கு மூன்று மாதம்!

அதற்குப் பிறகு இரண்டு நல்ல மாற்றங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள். 2025 ஜனவரியில் தொடங்கியது. ஆனால் முதல் கட்டத்தில் பயன் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். தனியார் கல்லூரியும் தனி கிளினிக்கும் இன்னும் வாசலில். இரண்டாவது இங்கே: அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் கொடுத்த ஆய்வுகளின் ஆசிரியர் பிரதி, முன்பெல்லாம் பன்னிரண்டு மாதம் வரை தாமதித்து 'பப்மெட் சென்ட்ரல்' தளத்தில் இலவசமாக வரும். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தத் தாமதமும் கிடையாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கடவுச்சொல் போட்டு எடுத்ததை அப்படியே டாக்டருக்கு அனுப்பலாமா என்று தயங்கி, எங்கள் நூலகர் அம்மாவிடம் கேட்டேன். அவர் அரை நிமிஷம் தட்டினார். "அனுப்பவே வேண்டாம், இதன் ஆசிரியர் பிரதி பப்மெட் சென்ட்ரலில் இருக்கிறதே" என்று சுட்டியைக் கொடுத்தார். நான் பதிப்பாளர் பக்கத்தோடு நின்றுவிட்டேன், அவ்வளவுதான்.

அதனால் ஊரில் அப்பா அம்மா இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்சப்பில் வருகிற மூலிகை வைத்தியத்தை அனுப்புவதற்குப் பதில், பப்மெட்டில் தேடி 'இலவச முழுக் கட்டுரை' என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையா? கட்டுரையில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும், எழுதிக் கேளுங்கள். எங்கள் ஊர் டாக்டரின் அட்டைதான், ஸ்டாம்ப் மட்டும் இல்லை. கிடைத்ததை நீங்களே வைத்துக்கொண்டு வைத்தியம் சொல்லாமல் அங்கிருக்கும் டாக்டரிடம் கொடுங்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான்.

டாக்டர் அன்றே படித்துவிட்டுக் கூப்பிட்டார். எனக்குப் புரியாத பாதியை அரை மணி நேரம் விளக்கினார். அம்மாவின் வயதுக்கு அளவைக் குறைத்துத் தொடங்குவதாகச் சொன்னார். எல்லாம் முடிந்தபின் அம்மா போனை வாங்கிக் கேட்டார்: "ரெண்டு பேரும் கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயுமா என்னமோ பேசினீங்க. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாடா?"

பின்னாடியாம். அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் சொன்னேன் :-)